பெண்கள் ஞாயிறு முடிந்த பிறகு

கேள்வி: எங்களுடையது தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. எனக்கு 39 வயது, பள்ளி ஆசிரியை. 14 வருடமாக ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். போன பெண்கள் ஞாயிறன்று எங்கள் சபை குரு ஐயரவர்கள் என்னைப் பிரசங்கம் செய்யச் சொன்னார். சமாரியப் பெண்ணைப் பற்றிப் பேசினேன். பாதியில் சபைப் பெரியவர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் என் கணவரிடம், "உபதேசம்பண்ண ஸ்திரீக்கு உத்தரவில்லை என்று பவுல் எழுதியிருக்கிறார், உங்கள் வீட்டில் வேதம் வாசிப்பதில்லையா?" என்று கேட்டிருக்கிறார். "நமக்கு எதுக்கு வம்பு, சண்டே ஸ்கூலோடு நிறுத்திக்கொள்" என்கிறார் கணவர். ஆல்டர் (திருவிருந்து மேசை) துணி மாற்றும் பொறுப்பும் என்னுடையதுதான். அதிலும் "அந்த நாட்களில் உள்ளே போகாதே" என்று மாமியார் சொல்கிறார்கள். கடவுளுக்கு முன்னால் நான் தப்பு செய்துவிட்டேனா? சேகர கமிட்டிக்கு (ஒரு குருவின் கீழ் உள்ள சபைகளின் நிர்வாகக் குழு) நிற்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், நிற்கலாமா? இறையியல் படிக்க ஆசை இருக்கிறது. இனி அதெல்லாம் நடக்குமா? பிரசங்கக் குறிப்பு எழுதிய நோட்டை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். எடுத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

நீங்கள் தப்பு செய்யவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பதற்றமில்லாமல் வாசியுங்கள். உங்கள் சேகர குரு அழைத்தார், நீங்கள் ஆயத்தம் செய்துகொண்டு போய்ப் பேசினீர்கள். ஒழுங்கும் மீறப்படவில்லை, வேதமும் மீறப்படவில்லை.

நீங்கள் எடுத்துக்கொண்ட வேதபகுதியையே பாருங்கள். யோவான் 4-ல் அந்தப் பெண் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள்ளே போகிறாள். அவள் சொன்ன வார்த்தையினிமித்தம் அந்த ஊராரில் அநேகர் விசுவாசித்தார்கள் என்று 39-ஆம் வசனம் சொல்கிறது. விசுவாசித்தவர்களில் ஆண்களும் இருந்தார்கள். "நீ பெண், ஊராரிடம் பேசாதே" என்று இயேசு அவளைத் தடுக்கவில்லை. ஊரே திரண்டு வந்தபோது அங்கே இரண்டு நாள் தங்கினார்.

சரி, பவுலுக்கு வருவோம். பெரியவர் சொன்ன வசனம் வேதத்தில் இருக்கிறது. 1 தீமோத்தேயு 2:12. அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும்படி நான் சொல்ல மாட்டேன். தாண்டிப் போனால் அந்த வசனம் உங்களை ஆயுசுக்கும் துரத்தும். அந்த அதிகாரத்தை 8-ஆம் வசனத்திலிருந்து மெதுவாக வாசியுங்கள். முதலில் ஆண்களுக்குச் சொல்கிறார்: கோபமும் தர்க்கமும் இல்லாமல் கைகளை உயர்த்தி ஜெபம்பண்ண வேண்டும். அடுத்து பெண்களின் பின்னல், பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம். அதற்கும் அடுத்து, பெண் அமைதலோடு "கற்றுக்கொள்ளக்கடவள்". உபதேசம்பண்ண உத்தரவு கொடுக்கவில்லை என்பது அதன் பிறகுதான் வருகிறது. இந்த நிருபம் எபேசுவில் இருந்த தீமோத்தேயுவுக்குப் போனது. அந்த ஊர் சபையைக் கள்ள உபதேசம் அலைக்கழித்துக்கொண்டிருந்தது என்று முதல் அதிகாரமே சொல்கிறது. அப்படிப்பட்ட சபையில், படிக்க வாய்ப்பில்லாமல் இருந்த பெண்களை முதலில் உட்காரவைத்துக் கற்றுக்கொடு என்கிறார். அதிகாரம் என்பதற்குப் பவுல் வழக்கமாக எழுதும் கிரேக்கச் சொல்லும் இந்த இடத்தில் இல்லை. "அதிகாரஞ்செலுத்தவும்" என்று நம் வேதாகமத்தில் வருகிற சொல்லின் மூலம் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. அதற்குச் சரியான பொருள் என்ன என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அப்படி ஒரு சொல்லை வைத்து சபையின் பாதிப்பேர் வாயை அடைப்பது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். வேறு விதமாக வாசிக்கிற நல்ல விசுவாசிகள் உண்டு, அவர்கள் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை.

1 கொரிந்தியர் 14:34-ஐயும் யாராவது உங்களிடம் கொண்டு வருவார்கள். "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்." அப்போது அதே அதிகாரத்தில் "பேசாமல்" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள். 28-ல் அந்நியபாஷை பேசுகிறவனுக்கு, அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் பேசாமல் இரு என்கிறார். 30-ல் தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருப்பவனுக்கு, இன்னொருவனுக்கு வெளிப்பாடு வந்தால் நீ பேசாமல் இரு என்கிறார். மூன்றாவதாகத்தான் பெண்களுக்கு வருகிறார். கிரேக்கத்திலும் மூன்று இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். முதல் இரண்டு பேரும் ஆயுசு முழுக்க வாய் திறக்கக்கூடாது என்று யாரும் பிரசங்கித்ததில்லை. கூட்டத்தில் குழப்பம் வரும்போது அந்த நேரத்துக்கு அடங்கி இரு என்று எல்லோரும் சரியாகவே புரிந்துகொள்கிறோம். மூன்றாவது ஆளுக்கு மட்டும் ஏன் அது ஆயுள் தண்டனையாக வேண்டும்? மூன்று அதிகாரம் முன்னால், 11:5-ல், சபையில் பெண் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று அதே பவுல் எழுதுகிறார். வாயே திறக்கக்கூடாது என்றால், திறக்கும்போது முக்காடு போடு என்று சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

ரோமர் 16 எனக்குப் பிரியமான அதிகாரம். வெறும் பெயர்ப்பட்டியல் என்று நாம் வேகமாகத் தாண்டிப் போகிற இடம். பேர் சொல்லியும், தாய், சகோதரி என்று உறவு சொல்லியும் அதில் பத்துப் பெண்கள் வருகிறார்கள். முதல் ஆள் பெபேயாள், "கெங்கிரேயா ஊர் சபைக்கு ஊழியக்காரி". அந்த இடத்தில் மூலத்தில் இருக்கும் சொல்லைத்தான் 1 கொரிந்தியர் 3:5-ல் பவுல் தனக்கும் அப்பொல்லோவுக்கும் வைக்கிறார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே "ஊழியக்காரர்" என்றும் இங்கே "ஊழியக்காரி" என்றும் நேர்மையாகப் போட்டிருக்கிறது. பாட்டிமார் காலத்திலிருந்து நாம் வாசித்துவரும் வேதாகமம் அவளுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. அப்புறம் பிரிஸ்கில்லாள். வேதாகமங்களில் வல்லவனான அப்பொல்லோவையே தன் கணவனோடு சேர்ந்து வீட்டுக்கு அழைத்துப்போய் அதிகத் திட்டமாய் விவரித்துக் காட்டியவள், அப்போஸ்தலர் 18:26. யூனியாவை "அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்" என்ற வரிசையில் வைக்கிறார். பவுல் எழுதிய ஒரு வசனத்துக்கு எதிரே பவுலே பாராட்டிய இத்தனை பேர் நிற்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வாசிப்பதுதான் வேதத்துக்குக் கொடுக்கும் மரியாதை.

வேதத்துக்கு வெளியிலும் ஒரு சாட்சி இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 112-ல் பித்தினியாவை ஆண்ட ரோம அதிகாரி பிளினி, கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாக அதில் சொல்கிறார். அந்தப் பெண்களைச் சபையார் "ஊழியக்காரிகள்" என்று அழைக்கிறார்கள் என்றும் குறித்திருக்கிறார். சபையைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் பிடித்துக் கொண்டுபோனது அவர்களைத்தான்.

உங்கள் ஊருக்கு வருகிறேன். நீங்கள் உட்காருகிற சபை எப்படி வந்தது என்று அந்தப் பெரியவருக்குத் தெரியாமல் இருக்காது. பாளையங்கோட்டையில் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஜனங்கள் சொல்கிற பழைய ஆலயம் இருக்கிறது. குளோரிந்தாள் கட்டியது. பிராமண விதவை. ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர். அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் அவருக்கு முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு 1778-ல்தான் கொடுத்தார். மறுக்கப்பட்ட அந்த வருடங்களில் அவர் விட்டுவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. 1780-ல் எழுதிய திருநெல்வேலி சபையின் முதல் பட்டியலில் 40 பேர். முதல் பெயர் குளோரிந்தாள். 1785-ல் ஆலயம் பிரதிஷ்டையானது. எங்களுக்கு ஒரு உபதேசியார் வேண்டும் என்று ஸ்வார்ட்ஸிடம் கேட்டுக் கேட்டு வாங்கியதும் அவர்தான். திருநெல்வேலி, தூத்துக்குடி சபைகளின் வேர் அந்த 40 பேர் பட்டியலில் இருக்கிறது. பெண் முன்னால் நிற்பது நம் பக்கத்துக்குப் புதிது என்று யாரும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு வந்த பைபிள் உமன்களை உங்கள் பாட்டி பார்த்திருப்பார்கள். கையில் ஒரு பையும் வேதாகமமுமாக, வீட்டை விட்டு வெளியே வராத பெண்களிடம் தெருத்தெருவாகப் போனவர்கள். அவர்கள் செய்ததும் உபதேசம்தான். அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து செய்ததால் அதற்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கைப்பிடி அரிசியையும் நினைத்துப் பாருங்கள். உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டு, அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, எத்தனை ஊழியங்களை நம் பெண்கள் தாங்கினார்கள்! அசனம் என்னும் சபை விருந்துக்கு அரிசி புடைப்பதும் காய் நறுக்குவதும் பெண்கள். விடுமுறை வேதப் பள்ளி (வி.பி.எஸ்.) வகுப்பும் வீட்டு ஜெபக்கூட்டமும் அவர்கள் கையில்தான். அந்த அரிசியை விற்ற கணக்கு எங்கே போகிறது என்று பேசுகிற அறையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. எனக்குத் தீராத மனக்குறை இதுதான். வேலையை வாங்கிக்கொள்கிறோம், அந்த வேலைக்கு உரிய பெயரையும் பொறுப்பையும் கொடுக்கத் தயங்குகிறோம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில் ஒரு கிராமத்துக்குத் திருவிருந்து கொடுக்கப் போனேன். நான் போட்டிருந்த வெள்ளை அங்கி ஆண் ஆயருக்கு என்று தைத்தது. கையை இரண்டு மடிப்பாக உள்பக்கம் மடித்து ஊக்கு குத்தியிருந்தேன். ஊக்கு தெரிகிறதோ என்றே கவலையாக இருந்தது. கிராதியில் வரிசையாக முழங்காற்படியிட்டிருந்தார்கள். அப்பத்தட்டோடு நான் அருகில் போனதும் ஒருவர் சட்டென்று எழுந்து போய்விட்டார். அப்பம் என் விரலில் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. நான் நின்றது ஐந்து நொடிகூட இருக்காது. பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் முழங்காலிலேயே நகர்ந்து அந்த இடத்துக்கு வந்து கையை நீட்டினார். அந்த உள்ளங்கையில் பீடி சுற்றிய தழும்பு இருந்தது. நான் கொடுத்தேன். அன்று இரவு தூங்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் போனேன். உங்கள் பெரியவர் எழுந்து போனபோது உங்கள் நாக்கு எப்படி வறண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

ஆல்டர் விஷயத்தில் மாமியாரைக் கோபிக்காதீர்கள். அவர்கள் தன் மாமியாரிடம் கேட்டதைச் சொல்கிறார்கள். லேவியராகமத்தில் அப்படிப்பட்ட சட்டம் இருக்கிறது, உண்மை. ஆனால் மாற்கு 5-ல் 12 வருடம் பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கு நிற்காத ஸ்திரீ கூட்டத்துக்குள் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அந்தச் சட்டத்தின்படி பார்த்தால் அவர் தீட்டுப்பட்டவர். அவர் விலகவில்லை, அவளை எல்லார் முன்னும் "மகளே" என்று கூப்பிடுகிறார். உங்களுக்கு உடம்பு முடியாத நாளில் ஓய்வெடுங்கள், அது வேறு. கடவுள் உங்களைத் தள்ளிவைக்கிறார் என்று நினைத்து ஒதுங்கி நிற்காதீர்கள். திருவிருந்துக்கும் அப்படியே, எந்த நாளிலும் தாராளமாக வாருங்கள்.

இனி கமிட்டி. சி.எஸ்.ஐ. சட்டத்தில் பெண் கமிட்டிக்கு நிற்க எந்தத் தடையும் இல்லை. பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியும் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. 2013-ல் நந்தியால் திருமண்டலத்துக்கு (பல சேகரங்கள் சேர்ந்த பேராயர் ஆட்சிப்பகுதி) புஷ்பலலிதா அம்மையார் பேராயராக வந்தார், சி.எஸ்.ஐ.யில் முதல் பெண் பேராயர் அவர். ஆகவே "நிற்கலாமா" என்பதற்குப் பதில் எளிது. எப்படி நிற்பது என்பதில்தான் கவனம் வேண்டும். முதலில் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் சந்தா கணவர் பேரில் மட்டும் கட்டியிருப்பார்கள், கடைசி நேரத்தில் மனைவியின் பெயர் இல்லை என்று தெரியவரும். பெயர் இருக்கிறது என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, பட்டியலை நேரில் பாருங்கள். அடுத்தது, உங்களை நிற்கச் சொல்லும் அந்தச் "சிலர்" யார்? நம் சபைத் தேர்தல்களில் அணிகள் இருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. பெண் இடத்தை நிரப்பக் கையெழுத்துப் போட ஒரு ஆள் தேவை என்று கூப்பிடுகிற அணியாக இருந்தால் இந்தமுறை வேண்டாம். உங்களோடு பெண்கள் ஐக்கிய சங்கத்தில் உழைத்தவர்கள் கூப்பிட்டால் நில்லுங்கள். ஜெயித்தால் முதல் கூட்டத்திலேயே கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். புரியாததைக் கேளுங்கள். நீங்கள் ஆசிரியை, கேட்க உங்களுக்குத் தெரியும்.

படிப்பைப் பற்றி நேராகவே சொல்கிறேன். குருவானவராக வேண்டும் என்றால் திருமண்டலம் உங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும், அப்புறம் செராம்பூர் இறையியல் பல்கலைக்கழகப் பட்டமான பி.டி. படிக்க வேண்டும். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி மாதிரியான இடத்தில் சில வருடம் தங்கிப் படிக்கிற படிப்பு அது. பல திருமண்டலங்களில் வயது வரம்பு உண்டு, 39 வயதில் அந்தக் கதவு உங்களுக்குத் திறப்பது கடினம். திருமண்டல அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள், என் வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள். ஆனால் இறையியல் படிப்பதற்குக் குருப்பட்டம் ஒரு நிபந்தனை அல்ல. வீட்டிலிருந்தே படிக்க அஞ்சல்வழிப் படிப்புகள் இருக்கின்றன. செராம்பூர் பல்கலைக்கழகமே சபை மக்களுக்கென்று நடத்துகிறது. சம்பளமும் குடும்பமும் இருக்கும் உங்களுக்கு அதுதான் ஏற்றது. ஒரு வருடம் படித்தபின் 1 தீமோத்தேயுவை நீங்களே எனக்கு விளக்குவீர்கள்.

கத்தோலிக்க வாசகிகளும் பிரதரன் சபையாரும் இதை வாசிக்கக்கூடும், அவர்களுக்கு என் பதில் அப்படியே பொருந்தாது. கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவம் ஆண்களுக்கு மட்டும் என்று 1994-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மறுபடியும் உறுதிசெய்தார். 2021-ல் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் என்ற பணிகளை முறைப்படி பெண்களுக்கும் திறந்தார். அவரவர் சபை ஒழுங்குக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதை முழுவதும் பயன்படுத்துங்கள்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கணவரோடு வாதாட வேண்டாம். அவர் பயப்படுவது ஊர் வாய்க்கு என்று நினைக்கிறேன். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் பேசினதில் எது உங்களுக்குச் சரியில்லாமல் இருந்தது?" ஒன்றுமில்லை என்றால், அதை அவர் வாயாலேயே ஒருமுறை சொல்லட்டும். அவர் மனம் சேர்ந்து வர நாளானாலும் பரவாயில்லை, அவரை விட்டுவிட்டு முன்னே ஓடாதீர்கள். போரின் நடுவில் மக்காவு நகரில் குரு இல்லாமல் தவித்த சபைக்காக 1944-ல் ஃபுளோரன்ஸ் லீ என்ற சீனப் பெண் குருவாக அபிஷேகம் பெற்றார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் பெண் குரு. போர் முடிந்ததும் எதிர்ப்பு வந்தது. தன் பேராயருக்குச் சங்கடம் வேண்டாம் என்று பணி செய்யும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். பெற்ற அபிஷேகத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பல வருடம் காத்திருந்தார், 1971-ல் ஹாங்காங் சபை அவரை மறுபடி குருவாக ஏற்றது. உங்கள் கணவர் மனம் மாற அத்தனை வருடம் ஆகாது என்று நம்புகிறேன்.

பெரியவரைப் போய்ப் பாருங்கள். கோயில் வாசலில் வேண்டாம், அவர் வீட்டுக்கு, சாயங்காலம், கணவரோடு. கணவர் வர மறுத்தால் சங்கத்து அக்கா ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். "ஐயா, நீங்கள் எழுந்து போனது எனக்கு வருத்தமாக இருந்தது. நான் என்ன பேசினேன் என்று முழுசாக வாசித்துக் காட்டுகிறேன், வேதத்துக்கு விரோதமாக எது இருக்கிறதென்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அதற்கு அந்த நோட்டு வேண்டும். சேலைக்கு அடியிலிருந்து எடுத்துவிடுங்கள். வாசிக்கும்போது 39-ஆம் வசனத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.